ஜமீன் வீட்டுக்கு வந்த பட்டாணி

கண்ணை மூடிக்கோ பெனி. போர்வையை நல்லா இழுத்துக்கோ. அத்தை சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும், சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தாரு. அவரு பேரு என்ன தெரியுமா? தைரியநாதன்.

சிரிக்காத, பேரு வச்சவங்களுக்கு என்ன தெரியும்? பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவரு. கல்யாணம் பண்ணிக்கல. வீட்டைப் பூட்டிட்டு பூட்டை டக் டக் டக்குனு இழுத்துப் பாப்பாரு. பத்தடி நடந்துட்டு திரும்ப வந்து இழுத்துப் பாப்பாரு. வானம் லேசா கறுத்தாப் போதும், "ஐயோ, இடி இடிக்குமோ"ன்னு டிவி ஒயரைப் புடுங்கிப் போட்டுருவாரு.

அவரு வீட்டுல ரெண்டு பூனை. ஒண்ணு பெரிய கடுவன் பூனை. சாம்பல் கலரு, ஒரு காது பாதி பிஞ்சு தொங்கும். பேரு ஜமீன். இம்புட்டுக் குட்டியா சாக்கடையில கெடந்து கத்துனதை அவருதான் எடுத்து வளத்தாரு. இப்ப அந்த வீடே அதோடது மாதிரி நடக்கும். இன்னொண்ணு கோமளம். பெண் பூனை. சாதுவா இருக்கும், எப்பவும் அரிசி டின் மேலதான் படுத்திருக்கும்.

"ம்."

அவருக்கு ஒரு அக்கா. லூர்தம்மாள். ரெண்டு தெரு தள்ளி தனியா இருந்தாங்க. அந்தம்மாவுக்கு எதுக்கும் பயம் கெடையாது. அவங்க ஒரு பூனை வளத்தாங்க. வெள்ளைப் பூனை, கண்ணு மட்டும் பச்சையா உருண்டையா இருக்கும். அதனால பேரு பட்டாணி. கண்ணு தொறக்காத குட்டியிலயே வந்தது. வாசப்படி தாண்டினதே இல்ல. இன்னொரு பூனை மூஞ்சியை அது பாத்ததே இல்ல.

அப்போ ஒரு நாள் காலையில லூர்தம்மாள் துணி தொவைக்குற கல்லுகிட்ட வழுக்கி, தடால்! இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நாளைக்கே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?

"ஏல தைரியம், நான் ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன்."

"ஏன்க்கா?"

"பட்டாணி வீட்டுக்குள்ள தனியா கெடக்கா. அவளை யாராவது கூட்டிட்டுப் போயி வச்சுக்கிடுதேன்னு சொன்னாத்தான் நான் உள்ள போவேன்."

"எங்க வீட்டுலதான் ரெண்டு இருக்கேக்கா. அதுவும் ஜமீன்..."

"அப்போ என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

பாவம், இடுப்பொடிஞ்ச அக்காவை எப்படிக் கூட்டிட்டுப் போறது? "சரிக்கா, நான் பாத்துக்குறேன்"னாரு. அக்கா அவரு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "நான் திரும்பி வரும்போது அவ இருக்கணும்லே." அவ்வளவுதான் சொன்னாங்க. அவருக்கு அந்த நிமிஷத்துலருந்து நெஞ்சுக்குள்ள திக் திக் திக்.

"ம்."

அப்புறம் மூடி போட்ட கூடையில பட்டாணியை வச்சு தூக்கிட்டு வந்தாரு. மனுஷங்க மாதிரிதானே, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா சேந்துக்குமுன்னு நெனைச்சாரு. கூடத்துக்கு நடுவுல மூணு தட்டு வச்சு, மூணுலயும் வேகவச்ச சாளை மீன் வச்சாரு. கூடையை நடுவுல வச்சு மூடியைத் தொறந்தாரு.

பட்டாணி மெதுவா தலையைத் தூக்கிப் பாத்துச்சு.

எதிர்ல ஜமீன்.

ஜமீன் வாலு பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி ஆயிருச்சு. "உர்ர்ர்ர்..." "ஸ்ஸ்ஸ்ஸ்!" அப்புறம், பளார்! தட்டு பறக்குது, மீன் பறக்குது, டமார்னு கூடை கவுருது. எது எந்தப் பூனைன்னே தெரியல, வெள்ளையும் சாம்பலுமா ஒரே உருண்டையா உருளுது. தைரியநாதன் "ஐயோ! விடு! விடு!"ன்னு நாற்காலி மேல ஏறிட்டாரு. பட்டாணி பிச்சுக்கிட்டுப் போயி பீரோவுக்குப் பின்னாடி ஒடுங்கிருச்சு. மூக்குல கீறல், ரத்தம். கோமளம் ஒரே தாவுல பரண் மேல ஏறிருச்சு. ஜமீன் பீரோ முன்னாடி உக்காந்துக்கிட்டு, "வா, வெளிய வா பாப்போம்"ங்குற மாதிரி வாலைத் தரையில அடிக்குது. பட் பட் பட்.

"பட்டாணி அழுதுச்சா?"

அழல. சத்தமே இல்ல. அதான் அவருக்கு இன்னும் பயமா இருந்துச்சு. ஜமீனைப் புடிச்சு சமையக்கட்டுல போட்டு அடைச்சாரு. பீரோவுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தா ரெண்டு பச்சைக் கண்ணு மட்டும் தெரியுது. மீன் வச்சாரு. தொடல. பால் வச்சாரு. தொடல. அன்னைக்கு முழுக்க வரல, மறுநாளும் வரல.

அங்க அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுருச்சு. மயக்கம் தெளிஞ்சதும் போன் போட்டாங்க.

"பட்டாணி சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாக்கா."

"என்ன சாப்பிட்டா?"

"மீனு."

"முள்ளு எடுத்துட்டுதானே வச்ச?"

"எடுத்தேன்க்கா."

போனை வச்சுட்டு அவரு மூஞ்சியத் தொடைச்சாரு. மூஞ்சி பூரா வேர்வை.

"ம்."

அப்புறம் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனாரு. அங்க ஒரு டாக்டரம்மா, ஒரு கன்னுக்குட்டிக்கு மருந்து ஊத்திக்கிட்டே இவரு சொன்னதைக் கேட்டாங்க.

"பூனை எத்தனை நாளா சாப்பிடல?"

"ரெண்டு நாளும்மா."

அந்தம்மா நிமிந்து பாத்தாங்க. "ரெண்டு நாளா? சார், பூனை பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுப்போகும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு வாயாவது உள்ள போகணும். இல்லைன்னா இங்க தூக்கிட்டு வந்துருங்க, குளுக்கோஸ் ஏத்திப் பாக்கலாம். பொழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

தைரியநாதன் அப்பவே வாசலைப் பாத்து ஓடத் திரும்புனாரு.

"இன்னொண்ணும் கேளுங்க. யாரு முதல் நாளே ஒண்ணா விடச் சொன்னது? புதுப் பூனைக்குன்னு தனி ரூம் கொடுங்க. தனித் தண்ணி, ஒண்ணுக்குப் போக மண்ணு போட்ட தனித் தட்டு. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கவே கூடாது. மொதல்ல வாசம் மட்டும் போகட்டும். ஒண்ணு படுத்த துணியை இன்னொண்ணுகிட்ட போடுங்க. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. அவசரப்படாதீங்க. சண்டை வந்தா நடுவுல கையை விட்டுராதீங்க."

இவரு வீட்டுக்கு வந்து தன்னோட ரூமையே பட்டாணிக்குக் கொடுத்துட்டாரு. தன் பாயையும் தலையணையையும் கூடத்துக்குக் கொண்டு வந்துட்டாரு. அக்கா வீட்டுக்கு ஓடி, அவங்க கட்டி அவுத்துப் போட்ட, தொவைக்காத சீலை ஒண்ணை எடுத்துட்டு வந்து கட்டிலுக்கு அடியில விரிச்சாரு. பீரோவை லேசா நகத்துனதும் பட்டாணி சர்ருனு ஓடி அந்தச் சீலைக்குள்ள பூந்துக்கிச்சு. மீன் வேகவச்ச தண்ணியைப் பக்கத்துல வச்சாரு. அதையும் தொடல. மணி நாலு ஆச்சு. நாலரை ஆச்சு. அஞ்சும் ஆயிருச்சு. கூடை பக்கத்துலயே இருக்கு. ஆட்டோவைக் கூப்பிடலாமா, வேண்டாமா, கூப்பிடலாமா, வேண்டாமா?

அப்போ போன் அடிக்குது. அக்கா.

"பட்டாணி என்ன பண்ணுதா?"

அவரு வாயத் தொறந்தாரு. பொய் வரல.

"அக்கா... நான் பொய் சொல்லிட்டேன். அவ சாப்பிடவே இல்ல. ரெண்டு நாளாச்சு. ஜமீன் அடிச்சிருச்சு. எனக்கு என்ன பண்ணுறதுன்னு தெரியல." சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டாரு.

"திட்டுனாங்களா அத்தை?"

திட்டுவாங்கன்னுதான் அவரும் நெனைச்சாரு. ஆனா அக்கா சொன்னாங்க, "போனைச் சத்தமா வச்சு கட்டிலுக்கு அடியில வை. வச்சுட்டு நீ வெளிய போ."

அப்படியே வச்சாரு. வெளிய வந்து கதவுல காதை வச்சாரு. உள்ளருந்து அக்கா குரல் கேக்குது. "பட்டாணீ... ஏட்டி பட்டாணி... அம்மா இங்கதான்ட்டி இருக்கேன். இடுப்புல கம்பி வச்சிருக்காவ. வலிக்குதுட்டி. நானும் கஞ்சி குடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். இந்தா, இப்ப குடிக்கேன் பாரு. நீயும் ஒரு வாய் எடு பாப்போம்..." அப்படியே பேசிக்கிட்டே இருக்காங்க. பக்கத்து பெட்டுக்காரங்க சிரிச்சிருப்பாங்க. அவங்க அதைக் கண்டுக்கவே இல்ல.

கால் மணி நேரம் ஆச்சு. அப்புறம் உள்ள ஒரு சத்தம். ரொம்பச் சின்னச் சத்தம்.

சளப்... சளப்... சளப்...

மீன் வேகவச்ச தண்ணியை நக்குது!

அவரு கதவோரமா அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

"ம்."

அப்புறம் டாக்டரம்மா சொன்னபடி செஞ்சாரு. பட்டாணி படுத்த துணியை ஜமீன்கிட்ட போட்டாரு. ஜமீன் மோந்து பாத்துச்சு. "ஸ்ஸ்ஸ்"ன்னு துணியைப் பாத்துச் சீறிட்டு, ஓங்கி ஒரு அறை விட்டுச்சு. துணியை, பெனி! கோமளம் மோந்து பாத்துட்டு அது மேலயே சுருண்டு படுத்துக்கிச்சு. கதவுக்கு ரெண்டு பக்கமும் தட்டு வச்சாரு. மொதல்ல தள்ளித் தள்ளி. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு சாண் கிட்ட. ஒரு வாரத்துல ஜமீன் உறுமுறது கொறைஞ்சு போச்சு.

அங்க அக்காவும் ஆஸ்பத்திரியிலருந்து, பக்கத்துல கன்னியாஸ்திரிங்க நடத்துற விடுதிக்குப் போயிட்டாங்க. கம்பு நாலு கால் வச்ச மாதிரி ஒண்ணு இருக்குமே, அதைப் புடிச்சு நடந்து பழகுனாங்க.

இவரு நெனைச்சாரு, போதும், இனி ஒண்ணையொண்ணு பாக்கட்டும்னு. கதவைத் தொறந்து வச்சு, நிலையில கொசுவலையை ஆணி அடிச்சுக் கட்டுனாரு. வலைக்கு அந்தப் பக்கம் பட்டாணி, இந்தப் பக்கம் ஜமீன். அது பாத்துச்சு. இதுவும் பாத்துச்சு. ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்... அப்போ தெருவுல எவனோ டப்புனு ஒரு வெடி போட்டான்.

அவ்வளவுதான், பயந்து போன ஜமீன் ஒரே பாய்ச்சல். டர்ர்ர்ர்ர்! வலை கிழிஞ்சு ரெண்டும் அதுக்குள்ள சிக்கிக்கிச்சு. கத்துது, புரளுது, வலை கழுத்துல இறுகுது. இவரு என்ன பண்ணுவாரு? கையை விட்டுட்டாரு.

நறுக்!

பட்டாணிதான் கடிச்சுச்சு. ரெண்டு பல்லு உள்ள எறங்கிருச்சு. இவரு ரத்தக் கையோடயே வலையை அறுத்து ரெண்டையும் பிரிச்சு விட்டாரு. அப்புறம் ஆஸ்பத்திரியில ஊசி. ஊசின்னாலே தெருமுனை வரைக்கும் ஓடுற மனுஷன், கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்தாரு.

இந்தத் தடவை அக்காகிட்ட உண்மையைச் சொல்லிட்டாரு. அக்கா சத்தமே போடல. "நான் வர்ற வரைக்கும் தாங்குவாளா தம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க. அக்கா அவரை ஒரு நாளும் அப்படிக் கெஞ்சுற குரல்ல கேட்டதே இல்ல. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியல.

"ம்."

அந்த ஊர்ல ஒரு ஐஸ் பேக்டரி. அங்க எலித் தொல்லை. "உங்க கடுவனைக் கொடுங்க சார், நாங்க வச்சுக்கிடுதோம்"னு வாட்ச்மேன் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. மறுநாள் காலையில தைரியநாதன் ஜமீனைக் கூடையில வச்சுத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

"கொடுத்துட்டாரா?"

கேளு. மத்த நாள்னா ஜமீன் கூடையைப் பிச்சு எறிஞ்சிருக்கும். அன்னைக்குச் சத்தமே போடல. அவருகூட எங்கயோ போறோம்னு நெனைச்சுக்கிட்டு, மூடி இடுக்கு வழியா மூக்கை நீட்டி அவரு விரலை நக்கிக்கிட்டே வந்துச்சு. பட்டாணி கடிச்ச கை அது. அவரு ஐஸ் பேக்டரி கேட்டு வரைக்கும் போயிட்டாரு. வாட்ச்மேன் எழுந்து வந்து, "கொண்டாந்துட்டீங்களா சார்?"ன்னு கையை நீட்டுனாரு.

இவரு கூடையை நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டாரு. "இல்லப்பா. சும்மா... காத்து வாங்கக் கூட்டிட்டு வந்தேன்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு திரும்பி நடந்துட்டாரு. பூனையை எவனாவது காத்து வாங்கக் கூட்டிட்டுப் போவானா? வாட்ச்மேன் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குறாரு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு, மறுபடியும் ஒண்ணுலருந்து ஆரம்பிச்சாரு. மறுபடியும் துணி. மறுபடியும் ஒரு சாண், ஒரு சாண். இந்தத் தடவை நாள் எண்ணவே இல்ல. எப்போ ரெண்டும் கதவடியில பதறாம சாப்பிடுதோ அப்போதான் அடுத்ததுன்னு இருந்துட்டாரு. சாப்பிடும்போது கதவை ஒரு விரல் அளவு தொறப்பாரு, சாத்துவாரு. மறுநாள் ரெண்டு விரல்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், மூணும் வயிறு நெறையச் சாப்பிட்ட நேரம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கான்னு பாத்தாரு. பட்டாணி ஏறி நிக்க ஒரு ஸ்டூல் வச்சாரு. ஒரு தலையணையைக் கையில வச்சுக்கிட்டாரு, சண்டை வந்தா குறுக்க நீட்ட. கதவை முழுசாத் தொறந்தாரு.

மொதல்ல கோமளம் போச்சு. டுக் டுக் டுக்குனு நேராப் போயி, பட்டாணி மூக்கை ஒரு தடவை மோந்துட்டு, கட்டில் மேல ஏறி உக்காந்துக்கிச்சு. அப்புறம் ஜமீன் வந்துச்சு. ஒரு அடி. நின்னுச்சு. இன்னொரு அடி. பட்டாணி முதுகை வில்லா வளைச்சுது. "ஸ்..." தைரியநாதனுக்கு மூச்சே நின்னு போச்சு. கத்தணும் போல இருக்கு, கத்தல. தலையணையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. ஜமீன் இன்னொரு அடி வச்சுச்சு. பட்டாணிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முழம்தான்.

ஜமீன் என்ன பண்ணுச்சு தெரியுமா? அப்படியே திரும்பி, பட்டாணிக்கு முதுகைக் காட்டி உக்காந்து, பிஞ்ச காதைச் சொறிய ஆரம்பிச்சிருச்சு. பரக் பரக் பரக்.

"ஏன் அத்தை?"

நம்ப முடியாதவங்ககிட்ட முதுகைக் காட்ட மாட்டோம்ல, அதான். பட்டாணியும் அதைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, முதுகை மெதுவா எறக்கிருச்சு. கூட்டுச் சேந்துருச்சான்னு கேக்காத. சேரல. ஆளுக்கொரு மூலை. ஆனா அடிச்சுக்கல. நாலஞ்சு நாள்ல ஒரே பாயில இந்த ஓரமும் அந்த ஓரமும் படுத்துச்சுங்க.

"ம்..."

அப்புறம் அக்கா வந்துட்டாங்க. ஆட்டோலருந்து எறங்கி டொக் டொக்குனு அந்தக் கம்பை ஊனி நடந்து வந்தாங்க. பட்டாணியைப் பாத்ததும் உக்காந்து மடியில தூக்கி வச்சுக்கிட்டாங்க. மூக்குல இருக்குற கீறலைத் தடவுனாங்க. தம்பி கையில இருக்குற பல்லுத் தடத்தையும் தடவுனாங்க. "ரொம்பப் பாடுபட்டுட்டலே"ன்னாங்க. பட்டாணியைக் கூட்டிட்டு அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க.

தைரியநாதன் நிம்மதியாத் தூங்கலாம்னு பாத்தாரு. எங்க தூங்குறது? ஜமீன் கட்டிலுக்கு அடியில போயித் தேடுது. பீரோவுக்குப் பின்னாடி தேடுது. "ம்யாஆஆ"ன்னு கூப்பிடுது. அக்காவுக்குச் சோறு கொண்டு போனா, அங்க பட்டாணி வாசக்கதவைப் பிராண்டிக்கிட்டு நிக்குது. "சரியா சாப்பிட மாட்டேங்கா"ன்னு அக்கா மூஞ்சி வாடிப்போயிக் கெடக்குது.

மூணாம் நாளு காலையில ஜமீனைக் காணோம்.

வீடு பூராத் தேடுனாரு. பரண், மொட்டை மாடி, சாக்கடை. "ஜமீன்! ஜமீன்!" ரோட்டுல லாரி போற சத்தம் கேக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்குறாரு. ஐஸ் பேக்டரிக்கு ஓடுனாரு. "இங்க வரல சார்." கால்ல செருப்பு இல்ல. கடைசியா அக்காகிட்டயாவது சொல்லி அழலாம்னு அவங்க வீட்டுக்கு மூச்சு வாங்க ஓடி வந்தாரு. "அக்கா! ஜமீனைக் கா..."

"ஷ்ஷ்ஷ்!"

அக்கா ஜன்னலோரமா நாற்காலியில உக்காந்திருக்காங்க. வாயில விரலை வச்சுக்கிட்டு ஜன்னலைக் காட்டுனாங்க.

ஜன்னல் கம்பிக்கு வெளிய, திண்டு மேல ஜமீன். உள்பக்கம் பட்டாணி. கம்பி இடுக்குல ரெண்டு தலையும் முட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டும் தூங்குது. கொர்ர்... கொர்ர்...

"விடியும்போதே வந்து உக்காந்துருக்கான்லே. சத்தம் போட்டு எழுப்பிராத"ன்னு அக்கா குசுகுசுன்னு சொன்னாங்க.

தைரியநாதன் அப்படியே செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. கண்ணுல தண்ணி.

"இந்த வீட்டுல ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு"ன்னாங்க அக்கா. அவரைப் பாக்காம ஜன்னலையே பாத்துக்கிட்டுச் சொன்னாங்க. "எனக்கும் ராத்திரியில எந்திரிச்சு நடக்க ஒரு கை வேண்டியிருக்கு. போ. போயி கோமளத்தையும் உன் பாயையும் எடுத்துட்டு வந்துரு."

அவரு போயி எடுத்துட்டு வந்துட்டாரு.

பெனி? ஏய் பெனி... "ம்" நின்னு போச்சா? அப்போ கதையும் இங்கயே படுத்துக்கட்டும். நீ தூங்குடா கண்ணு.